இறைச்சிக்கு வளர்க்குற மாட்டு இனங்கள்ல வளர்ச்சி, அழகு, சந்தை விலை மூணுலயும் பெஸ்ட் எது? ஆங்கஸ், பெல்ஜியன் ப்ளூ மாதிரி இனங்கள நீலகிரில வளர்க்கலாமா?

யாருக்கு விக்கப்போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம்தான் இனம். நான் கூடலூர் பக்கம், வீட்ல கறவை மாடு இருக்கு, கூடவே எருமைக் கடாக்கன்னு வாங்கி வளத்து விக்கறோம், அதனால நான் சொல்றதெல்லாம் விக்கறவன் பார்வைலதான் இருக்கும்.

யூடியூப்ல பாக்கற வெளிநாட்டு இனங்கள மொதல்ல பேசிடலாம். வளர்ச்சின்னு பாத்தா பிரான்ஸோட சாரொலே, சுவிஸ்ல இருந்து வந்த சிமென்டல் ரெண்டும் பூதம் மாதிரி வளரும், சாரொலே காளை 1000 கிலோவ சாதாரணமா தாண்டும். ஆனா லேட்டாத்தான் கொழுப்பு ஏறும். ஸ்காட்லாந்து ஆங்கஸ் அவ்ளோ பெருசு இல்ல, சீக்கிரமே முத்திரும், கறிக்குள்ள கொழுப்பு நூல்நூலா ஓடும், அதுக்குத்தான் காசு. பெல்ஜியன் ப்ளூ ஒடம்பு முழுக்க சதை உருண்டையா நிக்கறது ஜிம் போனதால இல்ல, மயோஸ்டாட்டின்னு ஒரு ஜீன் கெட்டுப்போனதால சதை வளர்ச்சிக்கு பிரேக் இல்லாம போச்சு, கன்னும் அதே மாதிரி பெருசா இருக்கறதால பெரும்பாலும் ஆப்பரேஷன் பண்ணித்தான் வெளிய எடுக்கணும். நம்மூர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் வர்றதே பெரிய விஷயம், இதுல சிசேரியனா?

அழகுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா அமெரிக்கா கதைதான் செம. 1978ல சர்டிஃபைட் ஆங்கஸ் பீஃப்னு ஒரு பிராண்ட் ஆரம்பிச்சாங்க, அதுல சேர மொதல் தகுதி மாட்டுத்தோல் பெரும்பாலும் கருப்பா இருக்கணும். கருப்புக்கு கூடுதல் விலைன்னு ஆனதும் செவலையா இருந்த சிமென்டல், லிமூசின் எல்லாத்தயும் ஆங்கஸோட கலந்து கருப்பாக்கிட்டாங்க. கருப்பு நிறம் செவலைய அமுக்கிட்டு முன்னாடி வர்ற ஜீன், கொம்பில்லாததும் அப்படித்தான், அதனால சீக்கிரமே மாறிடுச்சு. நல்லா இருந்த மாட்டுக்கெல்லாம் சந்தைக்காக பெயின்ட் அடிச்ச மாதிரிதான், ஆனா வித்தவன் காசு பாத்தான்.

நம்ம மாடுங்களும் சும்மா இல்ல, ஓங்கோல் பிரேசில் போய் நெலோர்னு பேரெடுத்து அங்க கறி மாடுன்னாலே பெரும்பாலும் அதுதான், அமெரிக்காவோட பிராமன் மாட்டினமும் நம்ம கிர், காங்ரேஜ், ஓங்கோல் கலந்ததுதான்.

சரி, இங்க. நம்ம பக்கத்து சந்தைல எங்கயும் நான் ஆங்கஸ் பாத்ததில்ல, அந்த ஆசைய விட்டுருங்க. காங்கேயம் காளை மாதிரி அழகு எங்க இருக்கு, கன்னுல செவலையா பொறந்து அப்புறம் சாம்பலாகி, திமில் கழுத்தெல்லாம் கருத்து, ஆனா அந்த அழகுக்கு காசு குடுக்கறவன் ரேக்ளாக்காரன், இனவிருத்திக்கு பூச்சிக்காளை தேடறவன், வீட்டுக்கு லட்சணமா வேணும்னு சுழி பாத்து வாங்கறவன். அடிமாட்டு வியாபாரிக்கு சுழியாவது ஒண்ணாவது, முதுகையும் தொடையையும் அமுக்கிப் பாத்துட்டு துண்டுக்குள்ள விரல புடிச்சு விலை பேசுவான், அவ்ளோதான். தோடர் எருமைய பத்தியும் கேப்பீங்க, பிறை மாதிரி விரிஞ்ச கொம்போட கம்பீரமாத்தான் இருக்கும், ஆனா அது அவங்களுக்கு சாமி மாதிரி, கறிச் சந்தைக் கணக்குல அத சேக்காதீங்க. எங்க ஊர்ல சதைக்கட்டுல முதல் பரிசு குடுக்கணும்னா டீத்தோட்டத்துல மேயற காட்டுமாட்டுக்குத்தான் குடுக்கணும், கிட்ட போய்டாதீங்க.

சட்டத்தயும் தெரிஞ்சுக்கோங்க, 1958 சட்டப்படி தமிழ்நாட்டுல 10 வயசு தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாதுன்னு, இல்லன்னா அடிபட்டு நிரந்தரமா முடங்கிருச்சுன்னு சர்டிபிகேட் இருந்தாத்தான் மாட்ட வெட்டலாம், எருமைக்கும் அதே கதை. பசு வெட்டறதுக்கு 1976லயே தடை போட்டாச்சு. இளங்கடா வளத்தா உங்க வாங்கறவர் கேரளா பக்கத்து ஆள்தான், வண்டி ஏத்தறதுக்கு டாக்டர் சர்டிபிகேட்டும் வேணும்.

இங்க கெடைக்கறதுல எனக்கு கணக்கு கட்டுறது முர்ரா எருமைக் கடாக்கன்னுதான். நல்லா தீனி போட்டா ஒரு நாளைக்கு 500ல இருந்து 700 கிராம் ஏறும், வெளிநாட்டு கறி மாடு பண்ணைல ஒன்றரை கிலோ ஏறறதோட ஒப்பிடாதீங்க, அங்க மக்காச்சோளமா கொட்டறாங்க. ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன், கருப்பு வெள்ளை கறவை மாடு) கலப்புக் காளைக்கன்னு சல்லிசா கெடைக்கும், ஆளும் ஒசரமா வளரும், ஆனா எலும்பும் வயிறும்தான் பாதி. ஜெர்சி கலப்பு சின்னது, கறி மெத்துன்னு நல்லா இருக்கும், ஆனா கொழுப்பு மஞ்சளா இருக்குன்னு கடைக்காரர் மூஞ்ச சுளிப்பார். ஊட்டி பக்கம் கழிவு கேரட்ட மூட்டையா போட்டு வளத்தா அது இன்னும் மஞ்சளாகும், கேரட்ல இருக்கற கரோட்டின் அப்படியே கொழுப்புல போய் உக்காரும். எருமை அந்தக் கரோட்டின வைட்டமின் ஏ ஆக்கிரும், அதனால என்ன தின்னாலும் கொழுப்பு வெள்ளைதான். கேரட்ட நம்பி வளக்கறவங்களுக்கு எருமைதான் சரி.

கறிக்கு விக்கற மாட்டுல அழகுக்கு காசு வர்ற ஒரே சமயம் பக்ரீத். ரெண்டு வயசு முடிஞ்சிருக்கணும், கொம்பு ஒடஞ்சிருக்கக் கூடாது, காது அறுந்திருக்கக் கூடாது, நொண்டக் கூடாது. அதனால கொம்பு முட்டி ஒடச்சுக்காம தனித்தனியா கட்டிப் போடுங்க.

விக்கும்போது வியாபாரி கண்ணால எடை சொல்லுவான், நம்பாதீங்க. ஒரு டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சு சுத்தளவு, தோள்ல இருந்து பின்னெலும்பு வரைக்கும் நீளம், ரெண்டும் இஞ்ச்ல எடுங்க. சுத்தளவ சுத்தளவால பெருக்கி, நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோல உயிர் எடை தோராயமா வந்துரும். 60 இஞ்ச் சுத்து, 50 இஞ்ச் நீளம்னா 272 கிலோ கிட்ட. எருமைல அதுல பாதிதான் கறியும் எலும்புமா தேறும், அதையும் மனசுல வச்சுட்டு பேசுங்க.

நீங்க ஊட்டி மேல, பனி விழற எடம்னா சின்ன முர்ரா கன்னு வாங்காதீங்க, சளி புடிச்சு நிமோனியால போயிரும், அங்க ஹெச்எஃப் கலப்புதான் குளிர தாங்கும். கூடலூர், பந்தலூர் மாதிரி எறக்கம்னா தாராளமா எருமைக் கன்னு கட்டலாம். எருமைக் கன்னுக்கு வட்டப்புழுதான் எமன், பொறந்து பத்து நாள் கிட்டயே பூச்சி மருந்து குடுத்திருக்கான்னு வாங்கும்போதே கேளுங்க, சதுப்புல மேய விட்டா தட்டைப்புழுவுக்கு தனியா மருந்து வேணும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க.