பழைய ஜாவா வாங்கி மாட்டிக்கிட்டேன், பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வக்கீல் சார், நான் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல வேலை பாக்குறேன். பிப்ரவரி கடைசில மேட்டுப்பாளையத்துல ஒருத்தர்கிட்ட 1969 மாடல் ஜாவா 250 ஒண்ணு 1,10,000 ரூபாய்க்கு வாங்கினேன், 80,000 ஜிபே, 30,000 கைல. அவரே டாடா ஏஸ்ல ஏத்திட்டு வந்து என் வீட்டு வாசல்ல இறக்கிட்டு பாக்கிய வாங்கிட்டுப் போனார். ஸ்பீடோமீட்டர், ஒரு பக்க சைலன்சர், டூல்பாக்ஸ் மூடி மூணும் இல்ல, "வீட்ல இருக்கு, அடுத்த வாரம் பஸ்ல போட்டு விடுறேன்"னு சொன்னார், ரெண்டு மாசமாச்சு வரல. "எல்லாம் ஒரிஜினல், என்ஜின் இப்பதான் வேலை பாத்தது, பேப்பர் பக்கா"ன்னு வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் இருக்கு. கட்டபெட்டு ஏத்தத்துல வண்டி சூடாகி நின்னுடுச்சு. மெக்கானிக் பாத்தா கிராங்க்கேஸ்ல விரிசல், எம்சீல் வச்சு அடைச்சு மேல சில்வர் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. என்ஜின் நம்பர் ஆர்சி புக்ல இருக்குற நம்பரே இல்ல, பின்னாடி வந்த யெஸ்டி என்ஜின்னு சொல்றார். ஆர்சில பேர் இருக்குற ஊட்டிக்காரர் 2016லயே இறந்துட்டாராம், ஆனா எனக்குக் கொடுத்த, வண்டி பேர் மாத்துற 29, 30 ஃபாரத்துல அவர் கையெழுத்து இருக்கு, தேதி இல்ல. வித்தவர் "பழைய வண்டின்னா அப்படித்தான், பாத்துதானே வாங்கின"ன்னு போனை வைக்கிறார். மெக்கானிக் 40,000 கேக்குறார் சரி பண்ண. கூடலூர்ல ஒருத்தர் 90,000க்கு கேக்குறார். என்ன பண்றது சார்?

பதில்: தம்பி, முதல்ல அந்த 40,000 ரூபாய் வேலைய நிறுத்துங்க. இன்னிக்கே. என்ஜினை இனி யாரும் தொடக்கூடாது, அந்த எம்சீலை சுரண்டக்கூடாது, பெயிண்ட், குரோம் எதுக்கும் வண்டி போகக்கூடாது. ஏன்னா உங்க கைல இருக்குற சாட்சியே அந்த வண்டிதான். இன்னொண்ணு, சரக்கு விற்பனைச் சட்டம் 1930ல 42வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பொருளை வாங்கி வச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்லாம நியாயமான காலம் தாண்டி வச்சிருந்தாலும், சொந்தப் பொருள் மாதிரி அதுல கை வச்சாலும் நீங்க அதை ஏத்துக்கிட்டதா அர்த்தம், அதுக்கப்புறம் வண்டிய எடுத்துட்டு பணத்தக் குடுன்னு கேக்குற உரிமை போய் நஷ்டஈடு மட்டும்தான் கேக்க முடியும். ஏற்கனவே ரெண்டு மாசம் போயிடுச்சு. அதனால இத படிச்சு முடிச்ச கையோட அவருக்கு வாட்ஸப்ல எழுத்துல ஒரு மெசேஜ் போடுங்க, நீங்க சொன்ன வண்டி இது இல்ல, இன்னின்ன குறை இருக்கு, நான் இதை ஏத்துக்கல, பணத்தைக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கோங்கன்னு. திட்டி எழுதாதீங்க, நாளைக்கு அதை ஒரு நீதிபதி படிப்பாங்கன்னு நினைச்சு எழுதுங்க.

வண்டிய மேட்டுப்பாளையத்துக்கு கொண்டுபோய் இறக்கணுமான்னு பயப்பட வேண்டாம். அதே சட்டத்துல 43வது பிரிவு, ஏத்துக்க மாட்டேன்னு தெரியப்படுத்தினா போதும், திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்குற கடமை வாங்கினவருக்கு இல்லன்னு சொல்லுது. ஆனா மழை படாத இடத்துல வைங்க, நம்ம ஊர் ஈரத்துல துருப்பிடிச்சா உன்னாலதான் கெட்டுச்சுன்னு அவர் ஆரம்பிப்பார்.

இப்ப அவரோட வாதத்துக்கு வரேன், "பாத்துதானே வாங்கின". இது முழுக்க தப்பான வாதம் இல்ல தம்பி, இத நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல. ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு செகண்ட்ஹேண்ட் வண்டி விக்கும்போது, வாங்குறவன்தான் கண்ணைத் திறந்து பாக்கணும்ங்கறது 16வது பிரிவோட அடிப்படை, அம்பத்தஞ்சு வருஷம் தாண்டின வண்டி புது வண்டி மாதிரி ஓடும்னு எந்த கோர்ட்டும் எதிர்பாக்காது. ஏத்தத்துல சூடாகி நின்னதை வச்சு கேஸ் கட்டாதீங்க, அது டூ ஸ்ட்ரோக், பெட்ரோல்ல ஆயில் கலக்குற அளவு தப்பினாலே சீஸ் ஆகும், எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டுல உங்களைக் கேக்கப்போற முதல் கேள்வியே லிட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊத்தினீங்கன்னுதான் இருக்கும்.

ஆனா அந்த எம்சீல் வேற கதை. விக்கிறவர் குறையச் சொல்லாம சும்மா இருந்தா அது பொதுவா மோசடி ஆகாது, ஒப்பந்தச் சட்டம் 1872ல 17வது பிரிவே அப்படித்தான் சொல்லுது. அதே பிரிவு, தெரிஞ்ச உண்மைய முனைஞ்சு மறைச்சா அது மோசடின்னும் சொல்லுது. வாய மூடிட்டு இருக்குறது ஒண்ணு, விரிசலை எம்சீல் வச்சு அடைச்சு, அது தெரியாம இருக்க மேல சில்வர் பெயிண்ட் அடிக்கிறது இன்னொண்ணு. சும்மா பேசாம இருந்த கேஸ்னா, நீ கொஞ்சம் கவனமா பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேன்னு உங்களைத் திருப்பிக் கேக்கலாம், 19வது பிரிவுல அந்த விதிவிலக்கு இருக்கு, மூடி மறைச்ச கேஸ்ல அந்தக் கேள்வி எடுபடாது. ஒரு சிக்கல், பெயிண்ட் அடிச்சது அவரா, அவருக்கு முன்னாடி வச்சிருந்தவரான்னு கேப்பாங்க, அங்கதான் "என்ஜின் இப்பதான் வேலை பாத்தது"ங்குற அந்த வாய்ஸ் மெசேஜ் உங்களுக்கு உதவும், என்ஜினைப் பிரிச்சு வேலை பாத்தவருக்கு விரிசல் தெரியாதுன்னு சொன்னா யார் நம்புவாங்க.

"எல்லாம் ஒரிஜினல்"னு சொன்னதுக்கும் சட்டத்துல எடை இருக்கு. விவரம் சொல்லி வித்தா பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தணும், அது சரக்கு விற்பனைச் சட்டம் 15வது பிரிவு. 1969 ஜாவான்னு சொல்லி வித்துட்டு உள்ள யெஸ்டி என்ஜின் இருந்தா அது சொன்ன பொருள் இல்ல. மைசூர் ஐடியல் ஜாவா ஃபேக்டரில வண்டிக்கு யெஸ்டின்னு பேர் மாறினதே 1973லதான், அப்ப 69 வண்டில அந்த என்ஜின் எப்படி ஒரிஜினலா இருக்கும்? அந்தக் காலத்துல என்ஜின் போச்சுன்னா கிடைச்ச என்ஜினை மாட்டி ஓட்டினது சகஜம், அதுல திருட்டு எதுவும் இல்லாமக்கூட இருக்கலாம், ஆனா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சில ஏத்தியிருக்கணும், ஏத்தல. அதனால என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் போட்டோ எடுங்க, பென்சில் பிரிண்ட் எடுத்து வைங்க, ரெண்டும் களவு வண்டியோடதா இல்லையான்னு போலீஸ் ஸ்டேஷன்ல என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) பதிவுல பாக்கச் சொல்லுங்க.

காணாமப்போன பார்ட்ஸ் விஷயத்துல, மீட்டர் இல்லன்னு தெரிஞ்சேதான் வாங்கினீங்க, அதனால குறை மறைச்சாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா தரேன்னு சொல்லித்தான் முழுப் பணமும் வாங்கினார், அப்ப அதுவும் சேந்துதான் வெலை. குடுக்கலைன்னா வெளிய வாங்க என்ன ஆகுமோ அதக் கேக்கலாம். ஐடியல் ஜாவா 1996ல மூடினதுக்கு அப்புறம் பழைய ஒரிஜினல் சாமான் தேடி அலையணும், 2018ல திரும்ப வந்த ஜாவா முழுக்க வேற வண்டி, அதோட பார்ட்ஸ் இதுக்குச் சேராது. கோயம்புத்தூர்ல ரெண்டு கடைல எழுத்துல வெலை வாங்கி வைங்க. அவர் அனுப்புறேன்னு சொன்னது வாயாலயா மெசேஜ்லயான்னு நீங்க எழுதல, வாயாலன்னா இப்ப ஒரு தடவை மெசேஜ்ல கேளுங்க, அவர் "அனுப்புறேன்"னு ஒரு வரி போட்டாலும் போதும்.

எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்குறது அந்த ஃபாரம்தான். விரிசல், சைலன்சர் எல்லாம் பணத்தோட போற விஷயம், இது உங்களையே உள்ள இழுக்குற விஷயம். இறந்தவர் உயிரோட இருந்தப்பவே வெத்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கலாம், இல்ல யாரோ போட்டிருக்கலாம், எதுவா இருந்தாலும் அதுல இன்னிக்கு தேதி போட்டு ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்தா, குடுத்த ஆள் நீங்க. பொய்யான ஆவணம்னு தெரிஞ்சே பயன்படுத்தினா செஞ்சவனுக்கு உள்ள அதே தண்டனை. புரோக்கர் யாராவது "நான் பாத்துக்கறேன் தம்பி, 5,000 குடு"ன்னா குடுத்துடாதீங்க. ஒரிஜினலை கிறுக்காம, மடிக்காம ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க.

பேர்ல இருக்குறவர் இறந்துட்டா வழி இதுதான், வாரிசுங்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோட 31ம் நம்பர் ஃபாரத்துல தங்க பேருக்கு மாத்தணும், அப்புறம் அவங்க கையெழுத்துப் போட்டு 29, 30ல உங்களுக்கு வரணும். அதனால ஊட்டில அந்தக் குடும்பத்தைப் போய்ப் பாருங்க, அம்மா, அண்ணன்னு மரியாதையா பேசி ஒரே ஒரு விஷயம் கேளுங்க, இந்த வண்டிய நீங்க யாருக்காவது வித்தீங்களான்னு. வித்தோம்னு சொன்னா பேப்பர் பிரச்சனை கஷ்டப்பட்டாவது தீரும். வித்ததே இல்ல, ஷெட்ல இருந்தது காணாமப்போச்சுன்னு சொன்னா, உங்களுக்கு வித்தவருக்கு விக்கிற உரிமையே கிடையாது, தனக்கு இல்லாத உரிமைய யாரும் அடுத்தவருக்குக் குடுக்க முடியாதுங்கறது சரக்கு விற்பனைச் சட்டம் 27வது பிரிவு, விக்க உரிமை இருக்குன்னு ஒவ்வொரு விற்பனைலயும் சொல்லாமலே அடங்கியிருக்கு, அது அதே சட்டத்துல 14வது பிரிவு. அப்ப முழுப் பணத்தையும் நீங்க திரும்பக் கேக்கலாம், வண்டி அந்தக் குடும்பத்துக்குப் போகும்.

அவர் வியாபாரியா இல்லையாங்கறதுல பாதி கேஸ் இருக்கு. தன்னோட ஒரே வண்டிய வித்தவர்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்தான். பழைய வண்டி வாங்கி விக்கிறதே தொழில்னா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல வருவார், சரக்கு விற்பனைச் சட்டம் 16வது பிரிவுல தரத்துக்கும் பொறுப்பு கூடும். 2023 ஏப்ரல்ல இருந்து பதிவான வண்டிய வாங்கி விக்கிற டீலர்னா ஆர்டிஓ ஆபீஸ்ல அங்கீகாரம் வாங்கியிருக்கணும், அவருக்கு இருக்கான்னு கேளுங்க. அவர் ஷெட்ல வேற எத்தனை வண்டி நிக்குது, ஃபேஸ்புக்ல என்னென்ன விளம்பரம் போட்டிருக்கார், வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல "ஃபார் சேல்" போடுறாரா, எல்லாத்தையும் இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நோட்டீஸ் போன மறுநாள் அதெல்லாம் இருக்காது. வியாபாரின்னு காட்ட முடிஞ்சா, நீங்க கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம், நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே, அதாவது ஊட்டி நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சிவில் கேஸ்னாலும் வண்டிய இறக்கினதும் பணம் வாங்கினதும் உங்க வீட்டு வாசல்லங்கறதால கோத்தகிரி கோர்ட்லயே போட இடம் இருக்கு, அதுக்கு மூணு வருஷ கெடு.

போலீஸ் பத்தி. நேராப் போய் "வண்டி ரிப்பேர், ஏமாத்திட்டார்"னா சிவில் மேட்டர்னு அனுப்பிடுவாங்க, பாதி நேரம் அது சரியும்கூட. ஏமாத்தணும்னு ஆரம்பத்துலயே எண்ணம் இருந்ததுன்னு காட்டினாத்தான் ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால ஏமாத்துறதுக்கான 318வது பிரிவு வரும். அந்தக் குடும்பம் நாங்க விக்கலன்னு சொல்லி, இறப்புச் சான்று நகலும் குடுத்தா, இந்த ஃபாரத்தோட சேத்து அது வேற கனம். அப்ப புகார் எழுதிக்குடுத்து புகார் வாங்கினதுக்குக் குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது கண்டிப்பா வாங்குங்க.

வாய்ஸ் மெசேஜ் இருக்குற அந்த போனை மாத்தாதீங்க, ஃபார்மேட் பண்ணாதீங்க, அந்த சாட்ல மெசேஜ் தானா அழியுற செட்டிங் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. கோர்ட்ல அதைக் காட்ட புது சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023) 63வது பிரிவுல சான்றிதழ் வேணும், ஒரு பகுதி நீங்க, இன்னொரு பகுதி நிபுணர் கையெழுத்துப் போடுறது, அதை வக்கீல் பாத்துக்குவார். கைல குடுத்த 30,000க்கு ரசீது இல்ல, அதனால நீங்க போடுற மெசேஜ்லயே 1,10,000 வாங்கினீங்கன்னு தெளிவா எழுதுங்க, அவர் மறுக்காம வேற எதையோ பதில் சொன்னாக்கூட அது உங்களுக்கு நல்லது. மெக்கானிக்கிட்ட பாத்ததை தேதி போட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க, போட்டோவோட. அப்புறம் வக்கீல் நோட்டீஸ், 15 நாள் டைம். வக்கீல் வைக்க கைல காசு இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கு போன் பண்ணுங்க, கேஸ் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கவும் அங்க வழி இருக்கு. இந்த மாதிரி தொகைக்கு நான் முதல்ல சொல்றது அதைத்தான்.

இதுக்கு நடுவுல வண்டிய ரோட்டுல எடுக்காதீங்க. 69 வண்டிக்கு 15 வருஷப் பதிவு எப்பவோ முடிஞ்சிருக்கும், ஆர்சில கடைசியா எந்த வருஷம் புதுப்பிச்சிருக்குன்னு பாருங்க, இன்சூரன்சும் இல்லாம ஒருத்தர் மேல இடிச்சா லட்சக்கணக்குல உங்க தலைல விழும். "50 வருஷம் ஆச்சு, விண்டேஜ் பதிவு ஈசியா கிடைக்கும்"னு யாராவது சொல்லுவாங்க. 2021ல வந்த அந்த விதில புதுசா பதியுற வண்டிக்கு விஏன்னு எழுத்து வர்ற நம்பர் குடுக்குறாங்க, உண்மைதான், புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருஷம் செல்லும், அதுக்கப்புறம் மறுபதிவுக்கு 5,000, ஆனா வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், அதுவும் கண்காட்சி, ரேலி மாதிரி விஷயத்துக்குத்தான், தினமும் எஸ்டேட்டுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. என்ஜின் மாறின, பேர் தெளிவில்லாத வண்டிக்கு இப்போதைக்கு அந்த வழிய நம்பாதீங்க.

கடைசியா கூடலூர்க்காரர். 90,000 வந்தா 20,000 நஷ்டத்தோட தப்பிச்சேன்னு தோணும், புரியுது. ஆனா இப்ப உங்களுக்கு எல்லாமே தெரியும். விரிசல், என்ஜின் நம்பர், செத்துப்போனவர் ஃபாரம் எதையும் சொல்லாம வித்தா மேட்டுப்பாளையத்துக்காரர் மேல நான் மேல சொன்ன பிரிவெல்லாம் அப்படியே உங்க மேல வரும், உங்களுக்காவது எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுன்னு இந்தக் கடிதமே சாட்சி சொல்லும். திரும்ப விக்கத்தான் வாங்கினார்னு காட்டி நுகர்வோர் கோர்ட்ல உங்க மனுவையும் தள்ளச் சொல்லுவாங்க. அவருக்கு இன்னிக்கே போன் பண்ணி வண்டி விக்கிறதா இல்ல, பேப்பர்ல பிரச்சனை இருக்குன்னு சொல்லிடுங்க.