காலைக் கட்டிவிட்டால் கை என்ன செய்யும்?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மூன்று வருடமாக எம்.எம்.ஏ. (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை) பழகுகிறான். 77 கிலோ பிரிவில் அமெச்சூர் பெல்ட் ஒன்றும் ஜெயித்திருக்கிறான். இப்போது கோலாலம்பூரில் ஓர் ஏற்பாட்டாளர் அவனைத் தொழில்முறை பாக்சிங்கிற்குக் கூப்பிடுகிறார். வெல்டர்வெயிட் பிரிவில் நான்கு சண்டைகளுக்கு ஒப்பந்தம். வேலையை விடப்போகிறேன் என்கிறான் தம்பி. "சாம்பியனுக்குக் குத்தத் தெரியாதா?" என்று அப்பாவும் அவன் பக்கம். எனக்குத்தான் பயம். எம்.எம்.ஏ. சாம்பியன் பாக்சிங்கில் ஜெயிக்க முடியுமா? கையெழுத்துப் போடலாமா?
- பட்டர்வொர்த் வாசகி

பதில்: சகோதரி, அப்பாவின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த "வெல்டர்வெயிட்" என்ற சொல்லைப் பாருங்கள். எம்.எம்.ஏ.வில் வழக்கமாக வெல்டர்வெயிட் என்றால் 77.1 கிலோ வரை. ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய எம்.எம்.ஏ. அமைப்பில் அதே பெயருக்கு 83.9 கிலோ. பாக்சிங்கில் 66.7 கிலோ. பெயர் ஒன்று, எடை மூன்று. உங்கள் தம்பி அந்த 77க்கே தண்ணீரைக் குறைத்து, வியர்த்துத்தான் வந்திருப்பார். அதற்கும் கீழே இன்னும் பத்துக் கிலோ என்றால் மேடை ஏறும்போது ஆளில் பாதிதான் மிச்சம் இருக்கும்.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் என்னிடம் பழகிய ஒரு பையனை எடைக்காக இப்படிக் காயப்போட்டு மேடை ஏற்றினேன். இரண்டாவது சுற்றில் அவன் வாங்கிய குத்து அப்படியொன்றும் பெரியதில்லை. ஆனால் விழுந்தவன் எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுத்தான். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது தலையில் குத்து வாங்குவது தனி ஆபத்து. அன்றிலிருந்து நான்கு கிலோவுக்கு மேல் குறைக்கச் சொல்கிற சண்டைக்கு நான் ஆள் அனுப்புவதில்லை. உங்கள் தம்பிக்கு பாக்சிங்கில் பொருந்துவது 76.2 கிலோ சூப்பர் மிடில்வெயிட். நிதானமாக மாதக்கணக்கில் உடம்பைக் குறைத்தால் 72.6 கிலோ மிடில்வெயிட். ஏற்பாட்டாளர் தெரியாமல் எழுதியிருந்தால் மாற்றிக் கொடுப்பார். தெரிந்தே எழுதியிருந்தால், அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, அப்பாவின் கேள்வி. சாம்பியனுக்குக் குத்தத் தெரியும்தான். ஆனால் எம்.எம்.ஏ.வில் அவர் குத்து ஏன் படுகிறது? எதிரே நிற்பவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. தொடையில் உதை வருமா, காலைப் பிடித்துத் தரையில் தள்ளுவானா, முட்டி வருமா என்று நாலு பயத்தில் நிற்கிறான். அந்தப் பயத்தின் இடுக்கில்தான் வலது கை நுழைகிறது. பாக்சிங்கில் மணி அடித்ததும் மூன்று பயம் போய்விடும். மிச்சம் இருப்பது கை மட்டும். அதையே பத்து வயதிலிருந்து பார்த்துப் பழகிய ஒருவன் எதிரே நிற்பான். குத்தின் பலம் குறையவில்லை. அது போய்ச் சேரும் வழிதான் அடைபட்டுவிட்டது.

நிற்கிற நிலையே வேறு. காலைப் பிடிக்க வருபவனைத் தடுக்க எம்.எம்.ஏ. வீரர் கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சை முன்னால் காட்டி நிற்பார். பாக்சருக்கு அந்த நெஞ்சும் விலாவும் திறந்த வீடு. உதை எட்டாத தூரத்தில் நின்று பழகியவருக்கு, ஓரடி உள்ளே போய் அங்கேயே நின்று வேலை செய்யத் தெரியாது. தலையைத் தாழ்த்தி ஹூக்கிற்கு, அதாவது பக்கவாட்டில் வரும் குத்துக்கு, அடியில் நுழைவது பாக்சரின் அரிச்சுவடி. எம்.எம்.ஏ.வில் அப்படிக் குனிந்தால் முகத்தில் முட்டி விழும், அதனால் குனிய வேண்டாம் என்றே உடம்பு கற்றிருக்கும். கட்டிப்பிடித்தால் அங்கே வேலை ஆரம்பம். இங்கே நடுவர் "பிரேக்" என்பார், அவ்வளவுதான். கையுறையும் சின்ன விஷயமில்லை. எம்.எம்.ஏ. கையுறை 4 அவுன்ஸ். தம்பியின் எடைக்கு பாக்சிங்கில் 10 அவுன்ஸ். சின்னக் கையுறை, முகத்தை மறைத்துத் தூக்கிய கைகளின் காப்பில் இடுக்கு பார்த்துப் புகுந்துவிடும், பெரியதோ காப்பையே சுவராக்கிவிடும்.

அப்புறம் மூச்சு. "முதல் சண்டை நாலு சுற்று, 12 நிமிடம்தானே" என்று தம்பி சொல்வார். கணக்கு சரி. ஆனால் எம்.எம்.ஏ.வில் பாதி நேரம் பிடியில் போகும். அப்போது முதுகும் தொடையும் உழைக்கும், தோளுக்கு ஓய்வு. பாக்சிங்கில் 12 நிமிடமும் கை கன்னத்தருகே இருக்க வேண்டும். தரையில் அரை மணி நேரம் உருண்டாலும் களைக்காத பையன்கள் மூன்றாவது சுற்றில் கையைத் தூக்க முடியாமல் நிற்பதை என் கூடத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

2017 ஆகஸ்டில் லாஸ் வேகாசில் எம்.எம்.ஏ. வீரர் கானர் மெக்ரிகோர் பாக்சிங்கில் தோற்றதும் இப்படித்தான். அப்போது அவர் யுஎஃப்சி என்ற பெரிய அமெரிக்க எம்.எம்.ஏ. அமைப்பின் லைட்வெயிட் சாம்பியன். எதிரே தோல்வியே காணாத பாக்சர் ஃப்ளாய்ட் மேவெதர், வயது 40, இரண்டு வருடம் ஓய்வில் இருந்துவிட்டு வந்தவர். தொடக்கச் சுற்றுகளில் மெக்ரிகோர் நன்றாகவே ஆடினார். குத்துகளை எண்ணும் காம்புபாக்ஸ் கணக்குப்படி மேவெதர் மேல் அவர் இறக்கியவை 111. இரண்டு வருடம் முன்பு அதே மேவெதரோடு 12 சுற்று ஆடி பிலிப்பைன்ஸ் பாக்சர் பக்கியாவ் இறக்கியதே 81தான். அந்த பக்கியாவ்தான் 2018 ஜூலையில் நம் புக்கிட் ஜாலிலில் மத்தீசேயை ஏழாவது சுற்றில் சாய்த்தவர். பக்கியாவைவிட அதிகமாகக் குத்திய மெக்ரிகோருக்கு என்ன ஆனது? மேவெதர் அவரைக் குத்த விட்டார். தோள் காலியாகட்டும் என்று காத்திருந்தார். பத்தாவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். அந்தத் தோல்விக்கு மெக்ரிகோருக்கு அறிவிக்கப்பட்ட உறுதித்தொகை மட்டும் 30 மில்லியன் டாலர். இப்படித் தோற்க எனக்கும் ஆசைதான்! ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தது அவருடைய பெயர். அது தம்பியிடம் இன்னும் இல்லை.

எந்த மாதிரி சாம்பியன் என்பதும் முக்கியம். நம் செந்தூல் பையன் அகிலன் தாணி 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் வெல்டர்வெயிட் பட்டத்துக்காக பென் அஸ்க்ரெனிடம் மோதியது ஞாபகம் இருக்கும். முதல் சுற்றிலேயே அகிலனைத் தரையில் அமுக்கிக் கழுத்தைப் பூட்டி முடித்தார் அஸ்க்ரென். ஒலிம்பிக் போன மல்யுத்த வீரர் அவர், பிடியில் அவரை அசைக்க ஆளில்லை. அதே அஸ்க்ரென் 2021 ஏப்ரலில் பாக்சிங் மேடை ஏறினார். யூடியூபில் பெயர் எடுத்த ஜேக் பால் முதல் சுற்றிலேயே அவரை முடித்துவிட்டார். இதை வைத்து அகிலனைவிட ஜேக் பால் பெரிய வீரர் என்று மாமாக் கடையில் யாராவது சொன்னால் தே தாரிக்கை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பிடியைக் கழித்தால் அஸ்க்ரெனிடம் பாக்சிங்கிற்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. தம்பி அந்த பெல்ட்டைப் பிடியில் ஜெயித்தாரா, கையில் ஜெயித்தாரா? நீங்கள் எழுதவில்லை. பழைய சண்டை வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள்.

எதிர்வாதமும் உண்டு, மறைக்க மாட்டேன். 2023 அக்டோபரில் ரியாத்தில், தன் முதல் பாக்சிங் சண்டையிலேயே, முன்னாள் யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன் நகானு மூன்றாவது சுற்றில் ஹெவிவெயிட் பாக்சிங் சாம்பியன் டைசன் ஃப்யூரியைத் தரையில் உட்கார வைத்தார். உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் எம்.எம்.ஏ. என்றால் விழுந்தவன் மேல் பாய்ந்து முடித்திருப்பார். இங்கே மூலைக்குப் போய் நிற்க வேண்டும், நடுவர் எண்ணுவார். ஃப்யூரி எழுந்தார், பத்துச் சுற்றும் ஆடி மயிரிழையில் புள்ளிகளில் ஜெயித்தார். ஐந்து மாதத்துக்குள் அதே ஊரில் நகானுவுக்கு எதிரே முன்னாள் ஹெவிவெயிட் பாக்சிங் சாம்பியன் ஜோசுவா வந்தார். நகானு மூன்று தடவை விழுந்தார், இரண்டாவது சுற்றிலேயே கதை முடிந்தது. என் கணிப்பில் ஃப்யூரிக்கு இவர் யாரென்று தெரியவில்லை, ஜோசுவாவிடம் பார்த்துப் படிக்கப் பத்துச் சுற்று வீடியோ இருந்தது. முதல் சண்டையில் உங்களை யாருக்கும் தெரியாது என்பதே ஓர் ஆயுதம். தம்பியின் ஒப்பந்தம் நாலு சண்டைக்கு.

உண்மையாகவே ஜெயித்தவர் என்றால் முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் ஆண்டர்சன் சில்வா. 2021இல், 46 வயதில், முன்னாள் உலக சாம்பியன் சாவேஸ் ஜூனியரைப் புள்ளிகளில் வென்றார். சாவேஸ் அப்போது நல்ல நிலையில் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் சில்வா யுஎஃப்சிக்குப் போவதற்கு முன்பே தொழில்முறை பாக்சிங் ஆடிப் பார்த்தவர். தாய்லாந்தின் சென்சாக் முவாங்சுரின் கதை இன்னும் அதிசயம். உதையும் முட்டியும் உள்ள தாய்லாந்துச் சண்டையான முவே தாயிலிருந்து வந்து மூன்றாவது பாக்சிங் சண்டையிலேயே உலகப் பட்டம். அது 1975 ஜூலை, அலியும் பக்னரும் நம் மெர்டேக்கா அரங்கில் 15 சுற்று ஆடிய அதே மாதம். (அப்பாவிடம் அலி சண்டையைப் பற்றிக் கேளுங்கள், கோபம் தணியும்.) ஆனால் முவே தாயில் தரைச் சண்டை கிடையாது. அங்கே பையன்கள் சின்ன வயதிலேயே மேடை ஏறிவிடுகிறார்கள். மூன்று வருட எம்.எம்.ஏ.வை அதோடு வைத்துப் பார்க்க முடியாது.

ஆக, முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். இந்த ஒப்பந்தத்தில், இந்த மாதத்தில் வேண்டாம் என்கிறேன்.

முதலில் சோதித்துப் பாருங்கள். எட்டு வாரம் உதையும் பிடியும் இல்லாமல் பாக்சிங் மட்டும் பழகட்டும். வேலையை விட வேண்டியதில்லை, மாலையில் போதும். பிறகு அவர் எடையில் நல்ல அமெச்சூர் பாக்சர் ஒருவரோடு, மூன்று நிமிடமாக நாலு சுற்று ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. தலைக்கவசத்தோடு. நீங்கள் ஓரமாக நின்று கைபேசியில் எடுங்கள். யார் ஜெயித்தார் என்று பார்க்காதீர்கள். ஜேப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) போட்ட இடது கை மூன்றாவது சுற்றிலும் கன்னத்துக்குத் திரும்புகிறதா, குத்து வாங்கியதும் நேர்ப் பின்னால் ஓடுகிறாரா, பக்கவாட்டில் நகர்கிறாரா, தடுமாறும்போது கை தானாக இடுப்பைப் பிடிக்கப் போகிறதா, இதைப் பாருங்கள். கடைசியில் சொன்னது நாலு சுற்றிலும் திரும்பத் திரும்ப நடந்தால் அவர் இன்னும் எம்.எம்.ஏ. வீரர்தான். தேறினால் நாலைந்து அமெச்சூர் பாக்சிங் போட்டிகள். தொழில்முறையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அமெச்சூருக்குத் திரும்ப முடியுமா என்று மாநிலச் சங்கத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒப்பந்தத்தை அப்படியே வாங்கி வந்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? தலை ஸ்கேனும் கண் பரிசோதனையும் யார் செலவில்? எதிராளியை மறுக்கும் உரிமை உண்டா? இந்த நாலு சண்டை முடியும்வரை எம்.எம்.ஏ. ஆடக்கூடாது என்று ஏதாவது வரி இருக்கிறதா? டிக்கெட் விற்றுத் தந்தால்தான் பணம் என்று சொல்லும் இடங்களும் உண்டு, அதையும் கேளுங்கள். எதிராளியின் பெயர் கிடைத்தால் பாக்ஸ்ரெக் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அவருடைய சண்டைக் கணக்கு தெரியும். வளர்ந்து வரும் ஒரு பாக்சருக்கு "பெல்ட் ஜெயித்த ஆளை அடித்தவர்" என்று விளம்பரம் தேவைப்படும்போதுதான் இப்படித் திடீர் அழைப்பு வருவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கல்யாணத்தில் தம்பி மாப்பிள்ளையா, மாப்பிள்ளைத் தோழனா? ஏற்பாட்டாளரிடம் நேராகவே கேளுங்கள். பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதும் ஒரு பதில்.

வேறு இடம் கிடைக்காவிட்டால் ஒரு சனிக்கிழமை ரயிலேறி இங்கே கூட்டி வாருங்கள். நாலு மணி நேரப் பயணம்தான். அவர் எடைக்கு என்னிடம் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். கையுறை, தலைக்கவசம் எல்லாம் இங்கே உண்டு. வாய்க்காப்பு மட்டும் அவருடையதாக இருக்கட்டும்.