கேளுங்கள் சொல்கிறோம்: பழைய ஷிராஸ்

படுக்கவைத்தே இருந்த 25 வருடப் பழைய ஷிராஸ் சிவப்பு ஒயின் புட்டி ஒன்று, ஆஸ்திரேலியாவின் பரோசாவில் தயாரானது, கைவசம் உள்ளது. அடியில் சேறு மாதிரி தெரிகிறது. கெட்டுவிட்டதா? எப்படித் திறப்பது?

சேற்றை வைத்துக் கெட்டது என்று சொல்ல முடியாது. நிறமியும், துவர்ப்பு தரும் டேனினும் வருடக்கணக்கில் பிணைந்து, கனம் கூடிப் படிந்த வண்டல் அது. தீங்கில்லை, நாக்கில் நறநறக்கும், கசக்கும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ஒயினின் மட்டம். புட்டியை நிமிர்த்தினால் கழுத்துவரை இருந்தால் நல்லது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். பழைய தக்கையின் நடுவில் திருகாணி இறங்கினால் பொடிந்துவிடும். இரட்டைத் தகடு உள்ள திறப்பான் வாங்குங்கள். நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகி, இரண்டையும் மாற்றி மாற்றி அசைத்து இறக்கி, திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். தக்கை தளர்ந்திருந்தால் மட்டும் இது வேண்டாம், உள்ளே தள்ளிவிடும். பொடிந்தே போனாலும் குடி மூழ்கிவிடாது. சோப்பு வாசனை இல்லாத மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும்.

ஒயினை ஊற்றிவைக்கும் டீகேன்டர் குடுவையில் எத்தனை மணி நேரம் வைக்கலாம்?

வைக்கவே வேண்டாம். இரண்டு மணி நேரக் காற்று இளம் ஷிராஸுக்குத்தான். பழையதில் மிஞ்சிய மணமும் அதில் பறந்துவிடும். இறுப்பது வண்டலைப் பிரிக்க மட்டுமே. கழுத்துக்குப் பின்னால் விளக்கை வைத்து, நடுவில் நிறுத்தாமல் மெதுவாகச் சாயுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் கலங்கி, இரண்டு நாள் காத்திருந்தது வீண். கரிய இழை தோளுக்கு வந்ததும் நிறுத்துங்கள், 50 மி.லி. போனால் போகட்டும். 16 முதல் 18 டிகிரியில், ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு புழுங்கல் வாடை வரலாம். பத்து நிமிடத்தில் விலகினால் சரி. நனைந்த அட்டை வாடையாகி ஏறிக்கொண்டே போனால் தக்கைக் கேடு; அதற்கு மருந்தில்லை.

ஓரம் செங்கல் நிறமாக இருந்தது, மிளகு வாசனையே இல்லை. குறையா?

செங்கல் நிறம் வயதின் அடையாளம். கருநாவல் போன்ற பழ மணம் அடங்கி, தோல், புகையிலை, உலர்ந்த அத்தி மேலெழும். மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன். மிளகிலும் இருப்பது அதே பொருள்தான் என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பரோசா வெப்பமான பகுதி, அங்கே இது குறைவு; விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ந்த இடங்களில்தான் தூக்கலாக இருக்கும். அந்த ஆய்வில் சுவைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே இல்லை என்பதால், பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.