திட்டுவது அவர்கள் உரிமை, தம்பி

லண்டன் தேம்ஸ்மீடில் ஒரு நைஜீரியக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. வீட்டுக்காரர்கள் எந்நேரமும் தங்கள் நாட்டைத் திட்டுகிறார்கள், ஆனால் கூடத்துச் சுவரில் பச்சை வெள்ளைக் கொடி தொங்குகிறது, இவர்களுக்கு ஊர் மேல் பாசமா வெறுப்பா, நான் எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வங்கிக் கணக்கு, குளிருக்கு எந்த ஜாக்கெட், பகுதி நேர வேலை என்று ஒரு பட்டியல். பட்டியலுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். 2003 செப்டம்பரில் நானும் இப்படி ஒரு வீட்டில்தான் ஒரு பெட்டியும் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியுமாகப் போய் இறங்கினேன். லண்டன் பெக்கம், ரை லேன் கடைத்தெருவுக்குப் பின்னால். வீட்டுக்கார அம்மா நைஜீரியாவின் அபெயோகுட்டா ஊர்க்காரர், யோருபா இனம். 'ஆன்ட்டி' என்று கூப்பிடச் சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

தம்பி, அவர்கள் தங்கள் நாட்டைத் திட்டும்போது நீங்கள் கூடச் சேர்ந்து திட்டாதீர்கள். தலையைக்கூட ஆட்டாதீர்கள். நான் ஆட்டினேன்.

அந்த ஜனவரியில் ஒரு ராத்திரி. அப்போதெல்லாம் சுரண்டி நம்பர் எடுக்கும் காலிங் கார்டு. ஆன்ட்டி ஊருக்குப் பேசிவிட்டு போனை வைத்தார். மூன்று நாளாக அங்கே கரண்ட் இல்லையாம். இருபது நிமிஷம் திட்டினார். கரண்டில் ஆரம்பித்து, ரோடு, மந்திரிகள், சோதனைச் சாவடியில் கை நீட்டும் போலீஸ் என்று ஒன்றையும் விடவில்லை. நான் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள நினைத்து, "ஆமாம் ஆன்ட்டி, அங்கே எல்லாமே ஊழல்தானாமே, அந்த மோசடி மெயில்கூட உங்கள் ஊரிலிருந்துதானே வருகிறது" என்றேன். ஆன்ட்டி பானையின் மூடியை எடுத்தார், பார்த்தார், திரும்ப மூடினார். "நீ என் ஊருக்குப் போயிருக்கிறாயா?" இல்லை என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு முன்னால் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சிலிருந்து வந்ததும் ஒரு தட்டு ஜோலோஃப் சோறு, மேலே பொரித்த வாழைப்பழம், அலுமினியத் தாள் மூடி எனக்கென்று அடுப்பு மேல் இருக்கும். அடுத்த மூன்று ஞாயிறு அடுப்பு மேல் ஒன்றுமில்லை.

அந்த மெயில் விஷயத்தை மட்டும் விளையாட்டுக்குக்கூட எடுக்காதீர்கள். அதற்கு 419 என்று பெயர். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கான பிரிவின் எண் அது, நம் ஊர் பழைய 420 மாதிரி. யாரோ செய்ததற்கு எல்லோரும் விலை கொடுக்கிறார்கள். பச்சை பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கவுன்டரில் இருப்பவர் முகம் மாறுவதை ஆன்ட்டி கூட நின்று நானே பார்த்திருக்கிறேன். மோசடியில் அவர்களும்தான் அடிபடுகிறார்கள். லாகோசில் வீட்டுச் சுவர்களில் 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை' என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அடுத்தவன் வீட்டை விற்றுக் காசு வாங்கிவிடுபவர்கள் இருப்பதால் வந்த எழுத்து அது.

அப்புறம், 'நைஜீரியர்' என்று மொத்தமாகப் பேசுகிறீர்களே, அதையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஊரில் இருக்கும்வரை யோருபா, இக்போ, ஹவுசா, இன்னும் எத்தனையோ. இங்கே வந்த பிறகுதான் விமான நிலைய வரிசையில் எல்லோரும் நைஜீரியர் ஆகிறார்கள். நாம் மட்டும் என்ன, சென்னையில் யாராவது நம்மை 'இந்தியன்' என்று கூப்பிடுகிறார்களா?

நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் இரவுப் பணியில் ஒரு இக்போ பெரியவர் இருந்தார். "முதலில் நான் இக்போ, நேரம் மிச்சமிருந்தால் நைஜீரியன்" என்பார். 1967-இல் இக்போக்காரர்கள் அதிகம் வாழும் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்று தனி நாடாகப் பிரிந்து, 1970 வரை சண்டை நடந்து, பட்டினியிலேயே லட்சக்கணக்கில் செத்த கதை தெரியும்தானே. சண்டை முடிந்ததும் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு இருபது பவுண்டுதான் கொடுத்தார்கள். இவருடைய அப்பாவும் அந்த இருபது பவுண்டோடு திரும்பியவர். அந்தக் கோபம் தலைமுறை தாண்டி குராய்டனில் இரவுப் பணி வரைக்கும் வந்திருக்கிறது. அதே மனிதர் உலகக் கோப்பையில் நைஜீரியா விளையாடினால் லீவு எடுப்பார். 2018-இல் நைஜீரிய அணியின் அந்தக் கோணல் கோணலான கோடு போட்ட பச்சைச் சட்டை விற்பனைக்கு வந்த அன்று, ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். அறுபது வயதில்.

கெமி பேடனாக் விஷயம் உங்கள் வீட்டிலும் ஒரு நாள் வரும், தயாராக இருங்கள். விம்பிள்டனில் பிறந்து, லாகோசில் வளர்ந்து, பதினாறு வயதில் திரும்பி வந்து, 2024 நவம்பரில் கன்சர்வேடிவ் கட்சித் தலைவரானவர். தன்னை நைஜீரியர் என்பதைவிட யோருபா என்றே நினைப்பதாகச் சொன்னார். ஊர் எவ்வளவு மோசம் என்றும் மேடைக்கு மேடை சொன்னார். நைஜீரியத் துணை அதிபர் ஷெட்டிமா, வேண்டுமானால் பெயரிலிருக்கும் கெமியை எடுத்துவிடட்டும் என்றார். ஆன்ட்டி வீட்டுச் சமையலறை அன்று இரண்டாகப் பிரிந்தது. "பொய்யா சொன்னாள்?" என்று மகன். "அதை வெள்ளைக்காரன் மைக்கில் ஏன் சொல்ல வேண்டும்?" என்று ஆன்ட்டி. கரண்டைப் பற்றி அந்த அம்மையார் சொன்னதைவிட மோசமாக ஆன்ட்டி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அது சமையலறையில், தன் ஆட்களிடம். நான் வாயே திறக்கவில்லை. இருபது வருஷத்தில் அது ஒன்றைக் கற்றிருக்கிறேன்.

பாசமா வெறுப்பா என்று கேட்டீர்களே, அதற்கு வாயைப் பார்க்காதீர்கள், காசு எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஆன்ட்டி காலையில் அலுவலகங்கள் கூட்டுவார், மாலையில் முதியோர் இல்லம். மாசம் பிறந்தால் முதலில் ஊருக்குப் பணம். தங்கை மகள் படிப்பு, மாமா கண் ஆபரேஷன், யாரென்றே தெரியாத ஒருவரின் சாவுச் செலவு. அது போக வீடு. அபெயோகுட்டாவில் மனை வாங்கி, தம்பியை நம்பி வருஷா வருஷம் அனுப்பினார். தம்பி போட்டோ அனுப்புவார்: இது அஸ்திவாரம், இது சுவர், இது மாடி. போட்டோக்களை ஆன்ட்டி பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். 2009-இல் நேரில் போனார். மனையில் அஸ்திவாரம் இருந்தது. அதன் மேல் புல். புல்லை ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. போட்டோவில் இருந்தது வேறு யாருடைய வீடோ. திரும்பி வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிரிட்ஜ் கதவு காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. இது அவருக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்காதீர்கள், பெக்கமில் எந்த சலூனில் உட்கார்ந்தாலும் இதில் ஒரு கதை கிடைக்கும். நம் ஆட்களிடமும்தான், நாம் வெளியே சொல்ல மாட்டோம்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஆரம்பித்தார், இந்தத் தடவை வேறு ஆளை வைத்து. அதற்குக் கைகொடுத்தது சீட்டு. அவர்கள் 'அஜோ' என்பார்கள். நம் ஏலச் சீட்டு மாதிரி தள்ளிக் கேட்பது கிடையாது. பத்து பேர், ஆளுக்கு மாசம் 100 பவுண்டு, முறை வைத்து ஒருவர் முழு 1,000 பவுண்டையும் எடுத்துக்கொள்வார். கையெழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது. படிக்கிற காலத்தில் என் இரண்டாவது தவணைக் கல்லூரிக் கட்டணத்தை அதில்தான் கட்டினேன். யோருபா அல்லாத ஒரே ஆள் நான்தான். ஊரில் எங்கள் அம்மா பத்து வருஷம் சீட்டுப் பிடித்தவர் என்று சொன்னதும்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று ஞாயிறு பட்டினி முடிந்ததும் அப்படித்தான்.

வீடு 2019-இல் முடிந்தது. ஆறு அறை, ஜெனரேட்டர், ஆழ்துளைக் கிணறு. இதுவரை மொத்தமாக ஐந்து வாரம் தங்கியிருக்கிறார். நான் வந்த புதிதில் ஒரு பவுண்டுக்கு 200 நைரா சொச்சம். 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்கிலேயே விட்ட பிறகு, 2024-இல் 2,000-ஐத் தாண்டியது. அனுப்புகிறவர்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பீர்கள். சிமென்ட் மூட்டை சும்மா இருக்குமா, அரிசி சும்மா இருக்குமா? முன்பு மூன்று பேர் கை நீட்டிய இடத்தில் இப்போது ஒன்பது பேர் என்கிறார். அவ்வளவு பெரிய வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "என்னை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?" என்றார். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

உங்கள் வீட்டுக்காரர்கள் அநேகமாகப் புதிதாக வந்தவர்கள். 'ஜப்பா' என்று அவர்கள் பேச்சில் அடிக்கடி வருமே, யோருபாவில் ஓடித் தப்பிப்பது என்று அர்த்தம். 2022-இல் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்ததும் வங்கி அதிகாரி, வாத்தியார் எல்லாம் நிலத்தை விற்று வந்தார்கள். 2024-இல் ஆராய்ச்சி மாணவர்கள் தவிர மற்ற மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று கதவைச் சாத்தினார்கள், 2025-இல் அந்த வேலைக்கு வெளிநாட்டு ஆளே வேண்டாம் என்றார்கள். அதனால் அந்த அண்ணனிடம் இப்போது என்ன வேலை என்று கேட்காதீர்கள், ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள். பழையவர்களுக்குப் புதியவர்களைக் கண்டால் ஆகாது என்பது தனிக் கதை. "நாங்கள் குளிரில் கூட்டிப் பெருக்கி வந்தோம், இவர்கள் ஐபோனோடு வருகிறார்கள்" என்பார் ஆன்ட்டி. நானும் உங்களைப் போன்றவர்களைப் பற்றி அதையேதான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஆட்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நைஜீரிய மேலாளரிடம் வேலை பார்ப்பார்கள், நைஜீரிய நர்ஸிடம் ஊசி போட்டுக்கொள்வார்கள், தமிழில் பேசும்போது 'கருப்பன்' என்பார்கள். கண்ணாடி பார்ப்பதில்லை போலிருக்கிறது. அவர்கள் பேசும் முறை நம் முறைக்கு எவ்வளவு பக்கம் என்று தெரிந்தால் இப்படிப் பேச மாட்டார்கள். யோருபாவில் பெரியவர்களுக்கு 'எ' சேர்த்துப் பன்மையில்தான் பேச வேண்டும், நம் 'நீங்கள்' மாதிரியே. காலையில் ஆன்ட்டிக்கு 'எ காரோ', அதாவது காலை வணக்கம் என்று சொல்லிப் பாருங்கள் என்று ஒரு நண்பன் சொல்லிக்கொடுத்தான். 'எ'வை விட்டால் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. தாத்தா இறந்த பிறகு பிறக்கும் பேரனுக்கு பாபாதுண்டே, அதாவது அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று பெயர் வைப்பார்கள். பேரன் என்றாலே தாத்தா பெயரை உடையவன் என்று வைத்திருக்கிற நமக்கு இதைத் தனியாக விளக்கவா வேண்டும்? இடது கையால் வாடகையை நீட்டாதீர்கள் என்று சொல்லவும் தேவையில்லை.

பொறாமையும் உண்டு எனக்கு. 1999 அரசியல் சட்டப்படி, பிறப்பால் நைஜீரியரானவர் வேறு குடியுரிமை வாங்கினாலும் பழையதை இழப்பதில்லை. ஆன்ட்டி கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட். நான் 2014-இல் என் நீலப் புத்தகத்தைக் கொடுத்து ரத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்து, பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அவர்கள் இங்கிருந்தபடி அங்கே ஓட்டுப் போட முடியாது. இங்கே போடலாம், காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் என்பதால். நீங்களும் போடலாம் தம்பி, மாணவராக இருந்தாலும். பதிவு செய்யுங்கள், நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆன்ட்டியின் மகன் பெக்கமில் பிறந்தவன். பதின்மூன்று வயதில் வாய் நீண்டுவிட்டது என்று, விடுமுறைக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போய், அங்கே விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார். பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்து வந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியவன் தன் துணியைத் தானே துவைத்தான், பெரியவர்களைக் கண்டால் குனிந்தான், அம்மாவிடம் ஆறு மாதம் பேசவில்லை. இப்போது டிசம்பர் வந்தால் லாகோஸ் போகாமல் அவனால் இருக்க முடியாது. அங்கே அவன் லண்டன் உச்சரிப்பைக் கேட்டு 'இப்போதுதான் வந்திறங்கினவன்' என்று கிண்டல் செய்கிறார்களாம். சுங்கத்தில் பெட்டியைக் கிளறினால் 'ஊர் உருப்படாது' என்று இவனும் அம்மா மாதிரியே திட்டுகிறான்.

உங்கள் பட்டியல்: ஜாக்கெட் பழைய துணிக் கடையில் பாருங்கள். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை, கையில் காசு தருகிறேன் என்று எவன் சொன்னாலும் மீறாதீர்கள். வங்கி எதுவானாலும் ஒன்றுதான்.

மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன். சனிக்கிழமை ஆன்ட்டிக்கு எழுபது. ஒரே துணி எடுத்து எல்லோரும் தைத்துக்கொள்ள வேண்டும், 'அசோ எபி' என்பது அது. ஐந்து கஜம் நீல லேஸ், 80 பவுண்டு, கழுத்தில் கத்தி வைத்த மாதிரி. தையல்காரர் மூன்று தடவை நாளைக்கு என்றுவிட்டார். ஆடுகிறவர்கள் நெற்றியில் நோட்டு ஒட்ட வேண்டும். அங்கே நைராவைத் தூவினால் சிறை, 2007 சட்டம். இங்கே ஒரு டாலர் நோட்டுக் கட்டு வாங்கிக்கொள்வோம். ரை லேனில் பணம் மாற்றும் கடை ஆறு மணிக்கு மூடிவிடும், மணி இப்போது ஐந்தே கால்.