மெக்சிகோவில் வேலை கிடைத்திருக்கிறது, நான் சைவம். அவர்கள் உணவும் நம் உணவு மாதிரிதானாமே, சமாளித்துவிடலாமா?

சமாளித்துவிடலாம். ஆனால் "நம் உணவு மாதிரிதான்" என்ற நினைப்போடு வந்தால் முதல் மாதம் பட்டினிதான். அப்படிச் சொன்னவர் மெக்சிகோவில் விமான நிலையத்தைத் தாண்டிச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்பது என் சந்தேகம்.

குவாதலஹாரா நகரில் சில வருடங்களாக இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை, சைவம், சொந்த ஊர் கும்பகோணம். நீங்களும் ஏறக்குறைய இதே கதையோடுதான் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே வரும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், தொர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டியைப் பார்த்து "அட, சப்பாத்தி!" என்பது. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். கோதுமையை அரைத்துப் பிசைந்தால் சப்பாத்தி ஆகிவிடும். மக்காச்சோளம் அவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, காலையில் தோல் கழன்று போகும்படி கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். ஊறிய சோளம் நிஷ்தமால், அரைத்த மாவு மாசா. சுண்ணாம்பு சேராத சோளமாவைத் தட்டினால் விண்டு உதிரும்.

உதிர்வது கூடப் பெரிதல்ல. சோளத்தில் இருக்கும் பி3 வைட்டமினில் பெரும்பகுதி, சுண்ணாம்பில் வெந்தால்தான் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். வடக்கு இத்தாலியில் சோளக் களியை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகள் பெலக்ரா என்ற நோயில் தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். மெக்சிகோவின் பெண்களோ எந்தச் சோதனைக்கூடமும் இல்லாமல் பல நூற்றாண்டுகளாக அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

என் அம்மா ஓர் அக்டோபரில் இங்கே வந்து தங்கியிருந்தார். வெற்றிலை போடுகிறவர். எங்கள் தெருமுனையில் ஒரு மொலீனோ, அதாவது மாவு மில், உண்டு. ஒரு நாள் காலையில் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சோளம் ஊறிக்கொண்டிருந்த அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம் வெற்றிலைச் சுண்ணாம்பு அல்லவா?" என்றார். அதேதான். மில்லை நடத்தும் அம்மாள், கல்லிலிருந்து எடுத்த தொர்த்தியாவில் உப்பைத் தூவிச் சுருட்டி அம்மா கையில் கொடுத்தார். வாடிக்கையாளர்களுக்கு அப்படி ஒன்று சும்மா கொடுப்பது இங்கே வழக்கம். அம்மா பேசாமல் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினார். பிறகு அந்த அம்மாள் ஸ்பானிஷிலும் என் அம்மா தஞ்சாவூர்த் தமிழிலும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

வடக்கே சோனோரா பக்கம் கோதுமைத் தொர்த்தியா உண்டே என்று யாராவது திருத்த வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: உண்டு. அதில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பும் உண்டு.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். கடையில் "கார்னே", அதாவது இறைச்சி, வேண்டாம் என்று சொன்னால் கோழி வரும். அவர்கள் கணக்கில் கோழி கார்னே ஆகாது, பல கடைகளில் ஹாமும் ஆகாது. பீன்ஸை மந்தேகா என்ற பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வேகும். மடலில் சுற்றி அவிக்கும் தமாலேயின் சோள மாவிலேயே மந்தேகாவை அடித்துச் சேர்ப்பார்கள். ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: மந்தேகா உண்டா, கோழிச் சாறு உண்டா? ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லாத சமையல் எங்கும் கிடைக்கும், ஆனால் மீனும் இறாலும் அதில் அடக்கம்.

முட்டையும் தொடாதவர் என்றால் உங்களுக்குச் சந்தைதான் துணை. நோபால் என்ற சப்பாத்திக்கள்ளி மடல், பூசணிப்பூ, சோளக்கதிரில் வளரும் வித்லகோச்சே என்ற கறுப்புப் பூஞ்சை, வாட்டிய போப்லானோ மிளகாய் இவற்றை வைத்தே வாரத்தை ஓட்டலாம். சௌசௌவும் சப்போட்டாவும் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். மாம்பழம் எதிர்த்திசையில் வந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களின் நினைவாக, ஒரு வகை மாம்பழத்துக்கு இன்றும் மணிலா என்றே பெயர். புளியையும் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள். அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சமையல் பேச்சு வந்ததால் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். இங்கே வாடகைக்கு வீடு கேட்டால் "அவால்" கொண்டுவா என்பார்கள், அதாவது இதே ஊரில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவர் நமக்கு ஜாமீன் நிற்க வேண்டும். நேற்று வந்து இறங்கியவனுக்கு இங்கே எந்தப் பெரியப்பா வீடு கட்டி வைத்திருக்கிறார்? எப்படியோ முன்பணத்தைக் கூடுதலாகக் கட்டி ஒரு வீட்டில் குடியேறினேன். காலி செய்யும்போது, தாளித்த வாசனை சுவரில் ஏறிவிட்டது, வண்ணம் பூச வேண்டும் என்று சொல்லி வீட்டுக்காரர் முழு முன்பணத்தையும் வைத்துக்கொண்டார். அதே மனிதர் ஞாயிறுதோறும் கீழ்வீட்டில் காய்ந்த மிளகாயை வறுப்பார், தெருவே இருமும். அந்த வாசனைக்கு யாரிடம் முன்பணம் வாங்குவது?

போகட்டும். அம்மா ஊருக்குத் திரும்பும் முன் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாள் வந்தது. பக்கத்து வீட்டில் ஒஃப்ரெந்தா வைத்திருந்தார்கள். இறந்துபோன தாத்தாவின் படம், மெழுகுவர்த்தி, தண்ணீர், உப்பு, ரொட்டி, அவருக்குப் பிடித்த தெக்கீலா, சுற்றிலும் செண்டுமல்லி. அம்மா பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி, "யாருக்குப் படையல்?" நான் விளக்கம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்தச் செண்டுமல்லிக்கும் பூர்வீகம் மெக்சிகோதான்.

இதைப் படித்துவிட்டு "மாயர்கள் தமிழர்களே" என்று யாரும் கிளம்ப வேண்டாம், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காணொளிகளை என் சொந்தக்காரர்களே எனக்கு அனுப்புகிறார்கள். சோளம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே பால்சாஸ் ஆற்றுப் படுகையில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து இவர்கள் உருவாக்கிய பயிர். அவர்கள் சாதனை அவர்களுடையதாகவே இருக்கட்டுமே. உறவு வேண்டும் என்றால் உண்மையான உறவே இருக்கிறது. வார்தாவில் பிறந்த விடுதலைப் போராளி பாண்டுரங்க கான்கோஜே, 1920களில் சாபிங்கோ விவசாயப் பள்ளியில் சேர்ந்து சோள ஆராய்ச்சி செய்தார். ஓவியர் தியேகோ ரிவேரா அவரைச் சுவரோவியத்திலேயே வரைந்திருக்கிறார். கான்கோஜேயைப் பற்றி எந்தக் காணொளியும் எனக்கு வந்ததில்லை.

அலுவலகத்தில் மே 5 அன்று "சுதந்திர தின வாழ்த்துகள்" சொல்லிவிடாதீர்கள். அது 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். சுதந்திரக் கொண்டாட்டம் செப்டம்பர் 15 இரவு. 1810இல் பாதிரியார் இதால்கோ தொலோரெஸ் ஊரில் எழுப்பிய முழக்கத்தை ஊருக்கு ஊர் சதுக்கத்தில் திரும்ப முழங்குவார்கள். அன்று எல்லோரும் பொசோலே என்ற சோள சூப் சாப்பிடுவார்கள், அதில் இறைச்சி இருக்கும், நீங்கள் சோளச்சுண்டலைக் கொறித்துக்கொண்டு கத்தலாம்.

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், நான்கு வரை இழுக்கும். பன்னிரண்டரைக்கே பசிக்கும் வயிற்றைப் பழக்கிக்கொள்ளுங்கள். அடுத்த மேசைக்காரர் எழுந்து போகும்போது "ப்ரோவெச்சோ" என்று வாழ்த்திவிட்டுப் போவார். பதிலுக்கு "கிராசியாஸ்" சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் திமிர் பிடித்தவர் என்று பெயர் வரும்.

குக்கர் கட்டாயம் கொண்டுவாருங்கள், ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. கறிவேப்பிலைச் செடியைப் பெட்டியில் ஒளிக்காதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். வீட்டுக்குள் நுழையும் அன்றே சமையலறைச் சுவரைப் படமெடுத்து, தேதி போட்டு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.