நுவரெலியாவில் கோப்பியைத் தேடாதீர்கள்

கேள்வி: இருபது வருடமாகக் கோப்பி குடித்துப் பழகியவள் நான். வைத்தியர் குறைக்கச் சொன்னதால் தேத்தண்ணிக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். விலையைப் பார்க்காமல் நல்ல நுவரெலியாத் தேயிலை வாங்கியும் சுடுதண்ணி குடிப்பதுபோல இருக்கிறது. இதைவிடக் கடுமையான தேயிலை எங்கே கிடைக்கும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் தெருமுனைக் கடையில்தான் அம்மா, நீங்கள் கொடுத்த காசைவிடக் குறைவாகவே கிடைக்கும். விலை கூடினால் சாயமும் கூடும் என்று யார் சொன்னது? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்தக் குளிரில் கொழுந்து ஆறுதலாக வளரும். வாசனை நிற்கும், சாயம் வெளிறிப்போகும். அதைப் பால் விடாமல் குடிக்க வேண்டும். நீங்கள் பாலைப் பற்றி எழுதவில்லை. ஆனால் இருபது வருடக் கோப்பிக்காரி இரண்டு கரண்டி பால்மா போடாமலா இருந்திருப்பார்?

உங்களுக்குத் தேவை தாழ்நிலத் தேயிலை. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் 600 மீட்டருக்குக் கீழே விளைவது. கறுப்பாகச் சாயம் இறங்கும், பாலுக்கும் தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் பக்கற்றில் இருக்கும் எழுத்துகள். பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), அதைவிடப் பொடியான பி.ஓ.பி.எஃப்., எல்லாவற்றிலும் பொடியான டஸ்ட் என்பவை முதலாம் தரம், இரண்டாம் தரம் என்ற கணக்கு இல்லை. தூள் எவ்வளவு பொடி என்பதைச் சொல்பவை. (ஒரேஞ்ச் பீக்கோவில் தோடம்பழ வாசம் தேடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.) பொடி சிறிதாக இருந்தால் சாயம் சட்டென்று இறங்கும். டஸ்ட் என்றதும் கூட்டி அள்ளிய குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள். பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட், இரண்டில் ஒன்றை வாங்குங்கள்.

தண்ணி தளதளவென்று கொதிக்க வேண்டும். சாயம் போதாவிட்டால் தூளைக் கூட்டுங்கள், ஊறும் நேரத்தைக் கூட்டாதீர்கள். பத்து நிமிடம் மூடிவைத்தால் கடுமை வராது, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புத்தான் வரும். தேயிலை ருசி பார்ப்பவர்கள் 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் விடுவார்கள். அது குற்றம் கண்டுபிடிக்க. உங்களுக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும்.

முதல் சில நாள் தலையிடித்தால் தேயிலையைத் திட்டாதீர்கள். அது கோப்பி விட்டுப்போகும் வலி. ஒரேயடியாக நிறுத்தாமல், பின்னேரக் கோப்பியை முதலில் விடுங்கள், காலைக் கோப்பியைக் கடைசியில். இந்தத் தீவே அப்படித்தானே மாறியது? 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் கண்ட பிறகும் தோட்டங்கள் அதை விட்டுத் தேயிலைக்கு வர வருடக்கணக்கானது. கோப்பிக்கென்று தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட சனத்தின் வழிவந்தவர்கள்தான் பிறகு கொழுந்தும் பறித்தார்கள்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்: வைத்தியர் ஏன் குறைக்கச் சொன்னார்? கஃபீனுக்காக என்றால், ஒரு கோப்பை தேத்தண்ணியில் கோப்பியில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. கடும் சாயமாக நாலு கோப்பை குடித்தால் கணக்கு பழையபடிதான். அடுத்த முறை எழுதும்போது, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.