கல் எறியாதவரின் பங்கு

கேள்வி: என் அண்ணன் பட்டர்வொர்த்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஊழியர்களின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். திருப்பிக் கேட்ட ஒருவரைத் திட்டி அனுப்பியதைக் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெருமையாகப் போட்டார். ‘சரிதாண்ணே, கொடுத்தா ஓடிடுவாங்க’ என்று நான் எழுதினேன். போன ஞாயிறு பூசையில் ஃபாதர் உரோமையர் 1:32-ஐ விளக்கியதிலிருந்து மனம் உறுத்துகிறது. கடையில் எனக்கு ஒரு வெள்ளி பங்கு கூடக் கிடையாது. எனக்கும் பாவமா?
– வாசகி, பினாங்கு

பதில்: பங்கு உண்டு, சகோதரி. அண்ணன் அளவுக்கு இல்லை, ஆனால் உண்டு.

தீமை செய்கிறவர்களோடு, அதை ஆமோதிக்கிறவர்களையும் சேர்த்துத்தான் அந்த வசனத்தில், அம்மடலை எழுதிய திருத்தூதர் பவுல் கண்டிக்கிறார். அவருக்கு இது சொந்த அனுபவம். கிறிஸ்துவை அறிவித்த ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, அப்போது சவுல் என்று அழைக்கப்பட்ட இந்தப் பவுல் கல் எறிந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்லவில்லை. சாட்சிகள் தங்கள் மேலாடைகளை அவர் காலடியில் வைத்தார்கள். கொலைக்கு அவர் உடன்பட்டிருந்தார், அவ்வளவுதான். பிற்காலத்தில் எருசலேம் மக்கள் முன் தன் கதையைச் சொல்லும்போது, அதை அவர் விடாமல் சொல்கிறார் (22:20).

கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் (எண் 1868) பிறர் பாவத்தில் நமக்குப் பொறுப்பு வரும் வழிகளில் ஆலோசனை சொல்வது, புகழ்வது, ஆமோதிப்பது மூன்றையும் சேர்த்திருக்கிறது. நீங்கள் ‘சரிதாண்ணே’ என்பதோடு நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஓடிடுவாங்க’ என்று அவருக்கு ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தீர்கள். பெருமையாகப் போடுகிறவர் பாதி நேரம் யாராவது ‘சரி’ சொல்ல மாட்டார்களா என்றுதான் பார்க்கிறார். குழுவில் பயத்தினால் வாயை மூடிக்கொண்டவர்கள் கதை வேறு. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். ஆனால் ஃபாதரிடம் சொல்வதால் அண்ணனிடம் சொன்னது மாறிவிடாது. மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் தனியாகப் பேசுங்கள். பிரசங்கம் வேண்டாம். ‘அண்ணே, அன்னைக்கு நான் எழுதினது தப்பு, பாஸ்போர்ட்டைக் கொடுத்துடுங்க’ என்றால் போதும். கோபிப்பார். தங்கச்சி அண்ணனுக்குப் புத்தி சொல்வதா என்று அம்மாவும் சேர்ந்துகொள்ளலாம். தகுந்த அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பதையும் காதில் போட்டு வையுங்கள். வசனத்துக்கு அசையாதவர் அதற்கு அசையலாம்.

அப்புறம், நீங்கள் எழுதியதைக் குழுவில் எல்லாரும் படித்தார்கள் இல்லையா? மறுப்பையும் அங்கேயே எழுதுங்கள். இதற்குப் பிறகும் அண்ணன் கொடுக்காவிட்டால், அந்த ஊழியர் புகார் செய்யப் போகும்போது குறுக்கே நிற்காதீர்கள். வழி கேட்டால் சொல்லுங்கள்.